சங்கின் முகம்

இல்லை. முனிலட்சுமி சுபாஷோடு ஓடிப்போகவில்லை. எதிர்வீட்டுத் தங்கமணி கண்ணால் கண்டேன் என்று சத்தியம் செய்வதெல்லாம் ஒரு மோட்டார் பைக்கை. தெருமுனையில் பைக் நின்றது உண்மை. சுபாஷ் அதன்மேல் உட்கார்ந்திருந்ததும் உண்மை. பைக் நின்றால் ஒருத்தி அதில் ஏறிப் போயே தீரவேண்டுமா? அண்ணன் ராமப்பன் பெட்டியை வாசலில் வீசித் தங்கையைத் துரத்தினான் என்பது இன்னொரு பேச்சு. பெட்டி வாசலில் தொப்பென்று விழுந்ததும் உண்மைதான். துரத்தப்பட்டவள் எதற்கு ஓடவேண்டும், ஓடுகிறவளை எதற்குத் துரத்தவேண்டும், இரண்டில் ஒன்றையாவது விடுங்கள் என்றால் விடமாட்டார்கள். அன்றைக்கு மூக்கண்டப்பள்ளியில் கம்பெனியின் காலைச் சங்கு பிந்தி ஊதியது. அது மட்டும் ஒருவர் வாயிலும் வருவதில்லை. அவளைப் பற்றிப் பேசுவதென்றால் அந்தச் சங்கிலிருந்து பேசவேண்டும்.

ராமப்பன் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. லாரிகளைச் சோதித்து உள்ளே விடுவதும், போகிறவர் பையைத் தடவிப் பார்ப்பதும் வேலை. சங்கு ஊதுவதுதான் பெருமை. ஷிப்ட் மாறும் நேரத்துக்கு சுவிட்சில் மற்ற காவலாளிகள் விரலை வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். ராமப்பன் உள்ளங்கையை வைத்து அழுத்துவான்.

"முதல்ல ஏறணும். ஏறுன எடத்துல நிக்கணும். அப்பறம் மெல்ல எறங்கணும். பாதியில கைய எடுத்தா அது சங்கு இல்ல, நாய் ஊளை" என்பான்.

அந்தச் சங்கை வைத்துத்தான் தெருவே நடந்தது. உலை வைப்பதும் பிள்ளைகளை எழுப்புவதும் அதைக் கேட்டுத்தான். கடிகாரம் இருக்கிற வீட்டில்கூடச் சங்கு ஊதினால் கடிகாரத்தைத் திருத்துவார்கள்.

முனிலட்சுமி அவனுக்கு ஒரே தங்கை. பாகலூரில் பிறந்தவள். சின்னப் பெண்ணாக இருந்தபோது திராட்சைத் தோட்டத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டினாள். தோட்டத்தின் அந்தக் கோடிவரை போகவேண்டும் சத்தம். கல்லெறிந்தால் பழத்தில் படும், அதனால் குரல்தான். அண்ணனுக்குக் கல்யாணமாகி மூக்கண்டப்பள்ளிக்கு வந்ததும் அவளும் கூட வந்தாள். பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். 'ஏன்' என்கிற கேள்வியை மூன்றிலும் கேட்பாள். வாளிக்கு ஏன் இந்த நிறம், அந்த மூடிக்கு ஏன் இத்தனை பள்ளம் என்று கேட்டுக்கேட்டு, சூப்பர்வைசர் அவளைக் கண்டால் வேறு வரிசைப் பக்கம் திரும்பிவிடுவார்.

சுபாஷ் சாத்தூர்ப் பக்கத்துப் பையன். லேத் ஓட்டுகிறவன். கையில் எப்போதும் ஒரு கரன்ட் கிதார் இருக்கும். ஆயுத பூஜையன்று பேட்டையில் மேடை போடுவார்கள், சினிமாப் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். இரண்டாயிரத்து நான்காம் வருஷம் அவன் கேட்டு வாங்கி வேறொன்று வைத்தான். முழுக்கதையையும் பாட்டாகவே போட்டு, டிரம்ஸும் கிதாருமாக அலறவிட்டான். கதை இதுதான். ஷிப்ட் மாறிமாறிப் போவதால் பெண்டாட்டியோடு ஒருவேளைகூட உட்கார்ந்து சாப்பிட முடியாத ஒருவன் கோபத்தோடு சங்கிடம் சண்டைக்குப் போகிறான். சங்கு அவனுக்குப் பதில் சொல்கிறது. போகப்போக அதுவும் களைத்துப்போன ஒரு ஜீவன் என்று தெரிகிறது. கடைசியில் தொண்டை வற்றிச் சங்கு செத்துப்போகிறது, தொழிலாளிகள் ஆடுகிறார்கள்.

ஜனங்களுக்கு முதலில் பிடிபடவில்லை. "இன்னாடா இது, கூத்தா கச்சேரியா?" என்று ஒருவன் கேட்க, "தகராறு மாதிரி இருக்குது, இருந்து பாத்துட்டுப் போலாம்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

சங்கு பேசவேண்டிய இடம் வந்தது. சத்தத்தை டேப்பில் பிடித்துவைத்திருந்தார்கள். டேப் சிக்கிக்கொண்டது. மேடையில் சுபாஷ் வாயைத் திறந்தபடி நிற்கிறான். அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து சங்கு ஊதியது. ஏறியது, நின்றது, இறங்கியது. பேக்கிங் பெண்கள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். ஊதினவள் முனிலட்சுமி. தினமும் காலையில் அண்ணன் பிள்ளைகளை எழுப்ப அவள் விளையாட்டாக ஊதுவதுதான் அது.

"யக்கா, போயிராதீங்க! இன்னும் ரெண்டு எடம் இருக்கு!" என்று சுபாஷ் மைக்கிலேயே கூப்பிட்டான்.

அடுத்த வருஷம் மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி, அதற்குள் அவளை நிற்கவைத்தார்கள். யார் ஊதுவது என்று பேக்கிங் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ராமப்பனுக்குத் தெரியாது. ஆயுத பூஜைக்கும் கேட்டில் ஒருவன் நிற்கவேண்டுமே, அவன்தான் நிற்பான். தூரத்தில் கேட்கும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததுமே ஆரம்பிப்பான்.

"எவனோ என் சங்கைத் திருடி டேப்புல போட்டுக்கினான். நல்லாத்தான் திருடியிருக்கான். எறக்கத்துல ஒரு சின்ன நடுக்கம் வரும் பாரு, அதுகூட வுடல."

முனிலட்சுமி குழம்பை ஊற்றிக்கொண்டே, "எதுக்குண்ணா நடுக்கம் வருது?" என்று கேட்பாள். அவன் விளக்குவான். அடுத்த வருஷத்துக்கு அவளுக்கு அது உதவும்.

அதைச் சினிமாவாக எடுக்கலாம் என்று சுபாஷுக்குத் தோன்றியது இரண்டாயிரத்து ஆறில். "மேடைங்கிறது ஒருநாக் கூத்துக்கா. அன்னைக்கு டூட்டியில கெடக்குறவன் பாக்கவே மாட்டான். கதையே அவனைப் பத்தித்தான். சிடியில போட்டுட்டா எந்த ஷிப்ட்டுக்காரனும் வீட்ல பாப்பான்ல?" என்றான். அவளுக்கு உடனே அண்ணன் நினைவுதான் வந்தது. சரி என்றாள்.

கேமராவுக்கு ஓசூரில் கல்யாண வீடியோ எடுக்கிற ஜமீர் அகமதுவைப் பிடித்தார்கள். நல்ல மனுஷர். கல்யாணம் தவிர வேறொன்றும் எடுத்தறியாதவர். நடிக்க நின்றவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, "கேமராவைப் பாத்து சிரிங்க, சாப்பாடு நல்லாயிருந்துச்சான்னு கேட்டா தலையாட்டுங்க" என்றார். சண்டைக் காட்சிக்குக் கம்ப்யூட்டரில் ரோஜா இதழ் கொட்டவிட்டிருந்தார். "இதழ் இல்லாம நான் ஒரு கேசட்டும் குடுத்ததில்லயேப்பா" என்று அவருக்கு வருத்தம்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மேடையில் சங்கு பேசும்போது ஜனங்கள் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் எதைக் காட்டுவது? கம்பெனிக் கூரைமேல் இருக்கிற சங்கையே எடுத்துப் பார்த்தார்கள். டிவியில் அது எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி இருந்தது. தார்ப்பாயை எடுத்துப் பார்த்தார்கள். தார்ப்பாயாகத்தான் இருந்தது.

முனிலட்சுமி டிவியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தாள். "மேடையில தார்ப்பாய்க்குப் பின்னால என்னா இருக்குதுன்னு அவங்கவங்க நெனச்சிக்கினாங்க. இதுல நெனக்கவே வுட மாட்டேங்குது. எதைக் காட்டுனாலும் அதுவாவே இருக்குது. ஏன் ஜமீரண்ணே?"

"கேமரா அப்படித்தான் தங்கச்சி. அதுக்கு மொகம் வேணும். கல்யாணத்துல மண்டபத்தை எவ்வளவு எடுத்தாலும் பொண்ணு மொகம் வந்தாத்தான் பாப்பாங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வேறொரு கேள்வி உள்ளே புகுந்துகொண்டது. கத்தும்போது தன் முகம் எப்படி இருக்கும்? அன்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஊதிப் பார்த்தாள். மூச்சு ஏறும்போதே கண் தானாக மூடிக்கொண்டது. மறுபடி பார்த்தாள். மறுபடியும் மூடியது. கிளி ஓட்டின காலத்திலிருந்து தொண்டையில் இருக்கிற ஒன்று. அது முகத்தை என்ன செய்கிறது என்று அவள் கண்டதே இல்லை. அண்ணி பூங்கொடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரை எழுப்பறே இந்நேரத்துல?" என்றாள்.

"என்னைத்தான் அண்ணி."

சம்மதித்துவிட்டாள்.

இதற்கிடையில் அவளுக்கு உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு வரன் வந்து, இரண்டு வீட்டாரும் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளை குறைசொல்ல முடியாத பையன். அவளும் மனசார ஒப்புக்கொண்டதுதான். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

படம் எடுத்த விதத்தைக் கேளுங்கள். லேத்திலும் பிரஸ்ஸிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷினில் ஒரு செட்டிங் போட்டுவிட்டால், அந்தச் செட்டிங்கில் வரக்கூடிய உருப்படிகளையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அடுத்த செட்டிங். மாற்றிமாற்றிப் போட்டால் நாள் போய்விடும். சுபாஷ் சினிமாவையும் அப்படியே எடுத்தான். அழுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அழுது முடித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு அடுத்த ஞாயிறு. ஜமீர் தலையில் அடித்துக்கொண்டார். "மொதல்ல மாலை, அப்பறம் தாலி, அப்பறம் சாப்பாடு. அப்படி எடுத்துத்தான் எனக்குப் பழக்கம். நீங்க தாலிக்கு முன்னாடி மொய் எழுதறீங்களேப்பா!"

"செட்டிங் மாறுனா டயம் போயிரும் பாய்" என்றான் சுபாஷ்.

சங்குக்கென்று ஒரு ஞாயிறு. காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டில் விளக்கைக் கட்டினார்கள். கேமராவை முதலில் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று, அதனால் பக்கத்தில் எடுக்கவேண்டியதை முதலில் எடுத்தார்கள். அது படத்தின் கடைசிக் காட்சி. பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு இன்னும் தள்ளி. பொழுது சாய்கிறபோது கேமரா கதவோரம் போயிருந்தது. அது படத்தின் முதல் காட்சி. ஒருநாள் முழுக்க ஊதிய தொண்டை. முதல் காட்சிக்கு வந்ததோ கிழிந்த தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்தான்.

ஜமீரின் கடையில் எல்லாவற்றையும் கதைப்படி ஒட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படத்தில் சங்கு ஆரம்பத்திலேயே தொண்டை வற்றிக் கிழடாக இருந்தது. போகப்போகத் தெளிந்தது. சாகவேண்டிய இடத்தில் கணீரென்று நின்றது.

சுபாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். "எல்லாம் தலைகீழாப் போச்சுக்கா. சாவுற சங்கு எங்குட்டாச்சும் இப்படி ஊதுமா?"

"திரும்ப எடுக்கலாம், ஆனா முகூர்த்த சீசன். ஆவணி முடியணும்" என்றார் ஜமீர்.

முனிலட்சுமி எதுவும் காதில் வாங்கவில்லை. "இன்னொரு தரம் போடுங்க" என்றாள். போட்டார்கள். "இன்னொரு தரம்." கடைசிக் காட்சியில் அவள் முகம் திரை நிறைய வந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூக்குத்தி நடுங்கியது. கண் மூடவில்லை. கண்ணாடி முன்னால் ஒருதரம்கூடத் திறந்து நிற்காத கண், அங்கே அகலத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது செத்துப்போறதுக்கு ஊதல சுபாஷு" என்றாள். "கெழவியா இருந்தது கொமரி ஆயிட்டு வருது. ஏன் ஆவுதுன்னு பாரு. ஒருத்தன் வந்து அதுகிட்ட பேசறான் இல்ல? அது வரைக்கும் அதுகிட்ட யாரு பேசனாங்க? எல்லாரும் கேட்டுட்டு ஓடறவங்கதானே?"

சுபாஷ் கிதாரை எடுத்தான். கடைசிப் பாட்டை மாற்றினான். சங்கு சாகவில்லை. அதுவும் இறங்கிவந்து, அந்தத் தொழிலாளி வீட்டில் அவனோடும் அவன் பெண்டாட்டியோடும் சோற்றுக்கு உட்காருகிறது. மேடையில் இரண்டு வருஷம் ஒருவருக்கும் தோன்றாத முடிவு, செட்டிங் பழக்கத்தால் வந்து விழுந்தது. ஜமீர் ரோஜா இதழை எடுத்துவிட ஒப்புக்கொண்டார். சோறு பரிமாறுகிற இடத்தில் மட்டும் நாலு இதழ் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். விட்டுவிட்டார்கள்.

ஆயுத பூஜையன்று பேட்டையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். அந்த வருஷம் ராமப்பன் டூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தான். உத்தனப்பள்ளிச் சம்பந்தியையும் மரியாதைக்கு அழைத்து, முன்னால் நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். முதல் காட்சியில் கிழட்டுச் சங்கு ஊதியதும் ராமப்பனுக்குப் பொறுக்கவில்லை. "காத்து போவுது பாரு, உள்ள எதுவோ தேஞ்சிடுச்சு. எண்ணெய் வுடாம வெச்சிருக்கானுங்க" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். பெண்கள் பக்கத்தில் முனிலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவள் முகம் வந்தது. வேட்டி காற்றில் அசைய, முகமும் அசைந்தது. சத்தம் ஏறியது, நின்றது, மெல்ல நடுங்கி இறங்கியது.

கூட்டம் எழுந்து கத்தியது. ராமப்பன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். அவன் உள்ளங்கை தொடைமேல் அழுந்தியிருந்தது.

வீட்டில் சோறு போட்டபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "மூச்சை எங்கடி புடிச்சி வெக்கறே?"

"கிளி ஓட்டனதுண்ணா."

"ரெண்டு வருசமா நான் திட்டனதெல்லாம் உன்னையா?"

"எங்க திட்டனே? நல்லா திருடியிருக்கான்னு சொன்னே."

அவன் சிரித்தான். பூங்கொடியும் சிரித்தாள். தெருவில் சொல்கிற மாதிரி அடியும் இல்லை, கூச்சலும் இல்லை.

வினை மறுநாள் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சத்தம் போடாத மனுஷர். வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "கொரலு இருக்கட்டும், யாருதுன்னு யாருக்குத் தெரியப்போவுது? மொகம் மட்டும் வேணாம். சிடி போடறதுக்கு முன்ன எடுத்துடச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை காலையில வர்றோம், எடுத்தாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா தேதி குறிச்சிடலாம்."

முனிலட்சுமி கதவோரம் நின்றிருந்தாள். "மொகம் இருந்தா என்னா மாமா ஆவும்?" என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

"நாலு பேரு பாப்பாங்கம்மா."

"பாக்கறதுக்குத்தானே எடுத்தது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவள் எடுத்த எடுப்பில் முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. ஜமீர் கடைக்குப் போய், முகத்தை எடுத்துவிட்டுக் கூரைச் சங்கை வைத்து ஒருதரம் காட்டச் சொன்னாள். ஜமீர் காட்டினார். புனல் பாடியது, தொழிலாளி அந்தப் புனலைப் பார்த்து, வா, சோற்றுக்கு உட்கார் என்றான். கடையில் சிடி வாங்க வந்திருந்த ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"யக்கா, நீங்க சொன்னா எடுத்துருதேன். கல்யாணத்தை விட இது பெருசில்ல" என்றான் சுபாஷ். உங்கள் தெரு ஓடிப்போனான் என்கிறதே, அந்தச் சுபாஷ்தான் இப்படிச் சொன்னது.

"நான் பாத்துட்டேன் சுபாஷு. இதுல சோத்துக்கு ஆள் வர்ல" என்றாள். "மொகம் இருக்கட்டும்."

வியாழக்கிழமை ராமப்பன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். "எடுத்தாச்சுன்னு சொல்லிடறேன். தாலி ஏறட்டும். அப்பறம் எவன் சிடி போட்டுப் பாக்கப் போறான்?"

"அவங்க பாக்கறப்ப?"

"பாக்கறப்ப பாத்துக்கலாம்."

"உன் வாயால பொய் சொல்லி என்னைக் குடுக்காதேண்ணா. சங்கை அரைநொடி முன்ன பின்ன வுடாதவன் நீ."

"அப்ப குடுத்த தாம்பூலம்? என் மொகத்தை எங்க வெக்கறது?"

தன் முகம் இருக்கவேண்டுமென்றால் அண்ணன் முகம் குனியவேண்டும். அவன் வீட்டில் இருந்துகொண்டு அவள் மறுத்தால், அவன் மறுத்ததாகத்தான் சாதிசனம் பேசும். வாக்கு மாறியவன் என்று சாகும்வரை சொல்வார்கள். கூட வேலை செய்கிற முத்துமணிக்குப் போன் போட்டு, அவளோடு வந்து தங்கிக்கொள்கிறேன் என்றாள். முத்துமணி கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ரூம் எடுத்து இருக்கிறவள். அங்கிருந்தும் கம்பெனி பஸ் வரும். வேலையை விடவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பூங்கொடி பெட்டியில் புடவைகளை மடித்து வைத்தாள். மேலே ஒரு ஊறுகாய் ஜாடியையும் செருகினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே வந்தது ராமப்பன். தகரப்பெட்டி, கனம். வாசலில் கை நழுவித் தொப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் தங்கமணி ஜன்னலைத் திறந்தாள். தெருமுனையில் சுபாஷ் நின்றதற்குக் காரணம் புதுச் சிடி. முதல் சிடி அவள் கையில்தான் என்று கொண்டுவந்திருந்தான். கொடுத்தான், டூட்டிக்குப் போய்விட்டான். பைக் போனதைத் தங்கமணி பார்த்தாள். அதன் பின்சீட் காலியாக இருந்ததைப் பார்க்கவில்லை.

சம்பந்தி வீட்டார் தெருவுக்குள் நுழைகிற நேரத்தில் முனிலட்சுமி வாசற்படி இறங்கினாள். கம்பெனி யூனிபார்ம், தலையில் பூ. தலைகுனியவில்லை, ஓடவுமில்லை.

"மாமா, மொகம் அப்படியேதான் இருக்குது. நான்தான் எடுக்க வேணாம்னேன். எங்கண்ணன் சொல்லியும் கேக்கல, அதான் வீட்டை வுட்டுப் போறேன். அண்ணன் குடுத்த தாம்பூலத்துல தப்பு இல்ல."

பெரியவர் அவளையே பார்த்தார். கொஞ்சம் வழிவிட்டு ஒதுங்கினார்.

"எங்கடி போறே காலங்காத்தால?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள் தங்கமணி.

"அத்திப்பள்ளிக்குக்கா. ஞாயித்துக்கிழமை சோத்துக்கு வருவேன்."

வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் போனாள். கேட்டவளே இன்றைக்கு ஓடிப்போனாள் என்கிறாள்.

பெட்டியை ராமப்பன் மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள். பஸ் வரவில்லை. எல்லைச் சோதனைச் சாவடியில் நெரிசல் என்றார்கள். பொது ஷிப்ட் சங்கு ஊதவேண்டிய நேரம் வந்தது. அவன் கேட்டில் இருக்கவேண்டியவன். முனிலட்சுமி அவன் கையைப் பார்த்தாள்.

"போண்ணா. நேரமாச்சு."

"பஸ் வரட்டும்."

அன்று தெருவில் பால் பொங்கி வழிந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினார்கள், தங்கமணியின் புருஷன் அரைநாள் லீவு போட்டான். எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கிறது. சங்கு ஏன் பிந்தியது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். பஸ் வந்து, பெட்டியை உள்ளே ஏற்றி, ஜன்னலோரம் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்த பிறகுதான் ராமப்பன் கம்பெனிக்கு ஓடினான்.